மழைக்காலத்தில் வளர்ப்பு நாய்: செப்டம்பரில் தொடங்கிப் பொங்கல் வரை

நவம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் நாய் வளர்ப்பவர்கள் யாராவது ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டுவார். "நாய் நாறுதுங்க", "காதைச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கு", "காலை நக்கிக்கிட்டே இருக்கு", "ரெண்டு நாளா சாப்பிடல". இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும். முதல் மூன்றுக்கும் காரணம் ஈரம். நாலாவதற்குப் பெரும்பாலும் உண்ணி, சில சமயம் எலி. மழையில் நனைவது நாய்க்கு ஒன்றும் செய்யாது. நனைந்த பிறகு காயாமல் கிடப்பதும், முன்கூட்டியே செய்ய வேண்டியதை மழை கொட்டும்போது செய்யப் பார்ப்பதும்தான் கெடுக்கிறது.

நான் எழுதுவது சென்னையை, அதிலும் தண்ணீர் தேங்கும் தென்சென்னையை மனதில் வைத்து. இங்கே வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கும். கன்னியாகுமரி, வால்பாறை, கூடலூர்ப் பக்கம் ஜூனிலேயே மழை பிடித்துவிடும். அங்கே இருப்பவர்கள் மாதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், வேலையின் வரிசை ஒன்றுதான். என் வீட்டில் பாப்பு என்ற லாப்ரடாரும், தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட மணி என்ற நாட்டு நாயும் இருக்கின்றன.

1. முதலில் வாங்கி வைக்க வேண்டியவை

பருத்தித் துண்டு நான்கு. ஈரிழைத் துண்டோ பழைய வேட்டியோ போதும். பலமுறை துவைத்து மெலிந்த பருத்தி ஈரத்தை உறிஞ்சும் அளவுக்குப் புதுத் துண்டு உறிஞ்சாது. நான்கு எதற்கென்றால், மழை நாளில் துவைத்துப் போட்ட துண்டு மறுநாளும் காயாது.

முனை மழுங்கிய சின்ன இடுக்கி, மூடியுள்ள பாட்டிலில் கொஞ்சம் ஸ்பிரிட், நாய்களுக்கான காது சுத்தம் செய்யும் திரவம், பஞ்சு, நாய்க்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், காற்றுப் புகாத மூடி போட்ட பெரிய டப்பா, வாசலில் வைக்க ஒரு பேசின். ரெயின்கோட் உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் பணத்துக்குத் தண்டம்.

2. செப்டம்பர் முதல் வாரம்: தடுப்பூசி அட்டையை எடுங்கள்

மழைக்காலத்தில் நான் முதலில் பயப்படுவது எலிக்காய்ச்சலுக்கு. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் நாய் நடந்தாலோ, அதைக் குடித்தாலோ, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகக்கூட லெப்டோஸ்பைரா கிருமி உள்ளே போய்விடும். சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். நாயிடமிருந்து மனிதருக்கும் வரும்.

நாய்களுக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கான மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையில் ஒட்டியிருக்கும் சிட்டையில் ஆங்கில எழுத்துகளின் வரிசையில் 'எல்' (L) என்று இருந்தால் இருக்கிறது. எல்லாக் கூட்டு ஊசியிலும் அது இருக்காது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பார்வோ (கடும் வாந்தி பேதி வரவழைக்கும் வைரஸ் நோய்) போன்றவற்றுக்கான பாதுகாப்பு வருஷக்கணக்கில் நிற்கும். எலிக்காய்ச்சலுக்கானது சுமார் ஒரு வருஷம்தான். "போன வருஷம் ஜூன்ல போட்டோமே" என்றால், இந்த அக்டோபரில் நாய் வெறுமையாக நிற்கிறது என்று அர்த்தம். முதல்முறை போடுவதாக இருந்தால் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும், இரண்டாவதற்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி ஏற ஓரிரு வாரம் ஆகும். செப்டம்பர் முதல் வாரம் தொடங்கினால் கணக்கு சரியாக அக்டோபர் முதல் பாதியில் முடியும். அதற்காகத்தான் செப்டம்பர் என்கிறேன்.

வெறிநாய்த் தடுப்பூசித் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மூன்று மாதமாக வயிற்றுப் பூச்சி மருந்து கொடுக்கவில்லை என்றால் அதையும் அந்த வருகையிலேயே முடித்துவிடலாம்.

3. அதே வாரம்: உண்ணிக்கு எதிரான வேலை

உண்ணி நாயின் மேல் இருக்கும் பிரச்சினை என்று நினைப்பதுதான் அடிப்படைத் தவறு. அது வீட்டின் பிரச்சினை. இரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பிய பெண் உண்ணி, நாயை விட்டு இறங்கிச் சுவர் ஏறும். கதவு நிலை, ஜன்னல் சட்டம், சுவர் வெடிப்பு என்று உயரமான இடமாகத் தேடிப் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சு கடுகைவிடச் சிறியது. வளர்ந்த உண்ணி பல மாதம் பட்டினி கிடந்தும் சாகாது.

அதனால் ஒரே நாளில் மூன்று வேலை, இந்த வரிசையில்:

முதலில் நாயை எடை போட்டு, அந்த எடைக்கான உண்ணி மருந்தை மருத்துவரிடம் வாங்குங்கள். வாய்வழி மாத்திரைகளில் மாதம் ஒன்று கொடுப்பதும் உண்டு, 12 வாரத்துக்கு ஒன்று கொடுப்பதும் உண்டு. வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மருந்தை மாற்றுவார்.

அடுத்து, நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள சுவர் வெடிப்புகளை ஒயிட் சிமெண்ட் வைத்து அடையுங்கள். ஒரு கிலோ வாங்கினால் ஒரு வீட்டுக்கே போதும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் செலவழித்ததிலேயே பயன் தந்த செலவு இதுதான்.

கடைசியாக நிலைப்படி, மூலைகள், கட்டிலின் அடிப்பக்கம் ஆகியவற்றுக்கு மருந்தடிப்பு. தரை முழுதும் காயும் வரை நாய் உள்ளே வரக்கூடாது. சுவருக்கு அடிக்கும் மருந்தை நாயின் மேல் தெளிப்பவர்களை நேரில் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் மருந்தில் பெர்மெத்ரின் இருக்கிறதா என்று கேளுங்கள். நாய்க்குத் தாங்கும், பூனைக்கு உயிராபத்து.

"மாத்திரை குடுத்தும் உண்ணி இருக்கே" என்று ஒரு வாரத்தில் வந்து நிற்பார்கள். மாத்திரை உண்ணியை விரட்டாது. கடித்து இரத்தம் குடித்த உண்ணிதான் சாகும். சுவரில் மிச்சம் இருப்பவை பொரித்துப் பொரித்து வந்துகொண்டே இருக்கும், வந்து கடித்துச் சாகும். அதனால் குறைந்தது மூன்று நான்கு மாதம் இடைவெளி விடாமல் கொடுக்க வேண்டும். ஒரு மாத்திரையோடு நிறுத்துவது முழுப் பணத்தையும் சாக்கடையில் போடுவதற்குச் சமம்.

உண்ணியைப் பிடுங்கும்போது இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெதுவாக இழுங்கள். ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு மூடுங்கள். விரலால் நசுக்கினால் அதற்குள் இருக்கும் கிருமி உங்கள் கையில். மண்ணெண்ணெய் தடவுவது, ஊதுபத்தியால் சுடுவது எல்லாம் நாய்க்குத்தான் புண். தேடும் இடங்கள்: காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கு, வாலின் அடி. உண்ணிக் காய்ச்சல் கிருமி, கடித்த சில மணி நேரத்திலேயே இறங்கிவிடக்கூடும். எனவே வாரம் ஒருமுறை அல்ல, மழைக்காலத்தில் தினமும் பாருங்கள்.

4. முடியும் நகமும்

பாதத்துக்கு அடியிலும் விரல்களுக்கு நடுவிலும் வளர்ந்த முடியைக் கத்தரித்துவிடுங்கள். சேறு ஒட்டும் இடமும் ஈரம் தங்கும் இடமும் அதுதான். நகத்தையும் குறைத்துவிடுங்கள், நனைந்த டைல்ஸில் நீண்ட நகம் வழுக்கும்.

ஆனால் லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், பாமரேனியன் போன்ற இரட்டை முடி நாய்களுக்கு மொட்டையடிக்காதீர்கள். மேல்முடி தண்ணீரை வழித்துவிடுவதற்காக இருப்பது. வாரம் இரண்டு முறை சீவி, உதிர்ந்த உள்முடியை எடுத்தால் போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, நம் தெரு நாய் ஆகியவற்றுக்கு இந்தக் கவலையே கிடையாது.

5. படுக்கையைத் தரையிலிருந்து தூக்குங்கள்

நம் ஊரில் நாய்க்குப் படுக்கை என்றால் சாக்கு. மழைக்காலத்தில் அதைவிட மோசமானது எதுவும் இல்லை. தரையின் ஓதத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், காயாது, அதன் நெய்தலுக்குள் உண்ணி குடித்தனம் நடத்தும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரப்பலகையோ சின்ன நாடாக் கட்டிலோ போட்டு, மேலே துவைக்கக்கூடிய போர்வை ஒன்றை விரியுங்கள். இரண்டு போர்வைகளை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

வெளியே கூண்டில் இருக்கும் நாய் என்றால் கூண்டின் வாசல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இங்கே சாரல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும், வாசல் தெற்கையோ மேற்கையோ பார்த்திருக்கட்டும். தகரக் கூரை இருந்தால் மேலே பழைய மெத்தையோ ஓலையோ போடுங்கள். மழை கொட்டும்போது தகரத்துக்கு அடியில் ஐந்து நிமிஷம் நீங்கள் உட்கார்ந்து பார்த்தால் காரணம் புரியும்.

6. வீட்டுக்குள் கழிப்பிடம்: வெயில் இருக்கும்போதே பழக்குங்கள்

வெளியே போய்ப் பழகிய நாய் மழையில் இறங்காது. வாசலில் நின்று உங்களைப் பார்க்கும், திரும்பி உள்ளே போகும். 12 மணி நேரம்கூட அடக்கிக்கொள்ளும். இப்படித் தொடர்ந்து அடக்கினால் சிறுநீர்ப்பாதையில் தொற்று வரும்.

மழை பிடித்த பிறகு பழக்க முடியாது, ஏனென்றால் அப்போது அது ஏற்கெனவே பயந்து போயிருக்கும். செப்டம்பரில், பால்கனியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ ஒரு அகலமான தட்டில் மண்ணோடு வெட்டிய புல் பத்தையை வையுங்கள். நாயின் சிறுநீர் துடைத்த துணியை அதன் மேல் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள். வாசனைதான் அதற்கு அடையாளம். காலையில் எழுந்தவுடன் கயிற்றில் கட்டி அங்கே கூட்டிப் போய் நில்லுங்கள். போனால் உடனே ஒரு துண்டு பிஸ்கட். போகவில்லை என்றால் திட்டாமல் உள்ளே வந்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் போங்கள். மணிக்கு நான்கு நாள் ஆனது, பாப்புவுக்கு மூன்று வாரம்.

7. மழை நாளில் வெளியே கூட்டிப்போவது

மழை விட்ட இடைவெளியில் பத்து நிமிஷம் போதும். தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போங்கள். குடிக்க விடாதீர்கள். கிளம்பும் முன் வீட்டிலேயே வயிறு நிறையத் தண்ணீர் காட்டினால் வழியில் குனியாது.

மின்கம்பம், தெருவோர மின் பெட்டி, இரும்பு விளம்பரத் தட்டி ஆகியவற்றை விட்டு விலகியே நடங்கள். ஆண் நாய் காலைத் தூக்குவதே அங்கேதான், அதனால் கயிற்றைக் குறுக்கிப் பிடியுங்கள். நமக்குச் செருப்பு இருக்கிறது, நாய் நாலு காலும் வெறுங்காலாக ஈரத்தில் நிற்கிறது. கசியும் மின்சாரம் முதலில் அதைத்தான் தாக்கும். நாய் திடீரென்று அலறி விழுந்தால் தொடப் போகாதீர்கள், கயிற்றையும் விட்டுவிட்டுப் பின்னால் நகருங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. இப்போதே செல்பேசியில் பதிந்து வையுங்கள்.

8. திரும்பி வந்ததும்: துவட்டும் வரிசை

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

புதிதாக வளர்ப்பவர்கள் நாய் உள்ளே வந்ததும் முதுகையும் தலையையும் துண்டால் பரபரவென்று தேய்த்துவிட்டு, "சரி, ஆச்சு" என்று விட்டுவிடுவார்கள். முதுகு தானாகவே காயும். காயாத இடங்கள் வேறு.

வாசலிலேயே நிறுத்துங்கள். உதறட்டும். பாதி வேலையை அதுவே செய்துவிடும். பிறகு பேசினில் உள்ள சுத்தமான தண்ணீரில் நாலு பாதத்தையும் ஒவ்வொன்றாக முக்கி அலசுங்கள். நேரே துடைத்தால் தெருத் தண்ணீரின் அழுக்கை விரல் இடுக்குக்குள் தேய்த்து ஏற்றுவதாகத்தான் ஆகும். சோப்பு, கிருமிநாசினித் திரவம் எதுவும் வேண்டாம், அது பாதத்தை நக்கும்போது வயிற்றுக்குப் போகும்.

இப்போது கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள். இதை யாரும் செய்வதில்லை. நனைந்த பட்டைக்கு அடியில் ஒரே இரவில் வட்டமாகச் சிவந்து, நீர் கசிந்து, முடி கொட்டிய புண் வந்துவிடும். ஹாட் ஸ்பாட் என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான்.

முதல் துண்டால் வயிறு, அக்குள், தொடை இடுக்கு, வாலின் அடிப்பகுதி. தேய்க்காதீர்கள், ஒற்றி அழுத்துங்கள். தேய்த்தால் அடர்ந்த முடி சிக்கு விழும், அந்தச் சிக்குக்குள் ஈரம் மாட்டிக்கொள்ளும். இரண்டாவது காய்ந்த துண்டால் கழுத்து, மார்பு, முதுகு. முடிக்கும்போது பாதங்களுக்கு வாருங்கள்: விரலை விரித்து, துண்டின் ஓரத்தை ஒவ்வொரு இடுக்கிலும் நுழைத்து எடுங்கள். ஒரு பாதத்துக்கு மூன்று இடுக்கு, நாலு பாதத்துக்குப் பன்னிரண்டு. நான் இன்னமும் எண்ணித்தான் செய்கிறேன், எண்ணாத நாளில் ஒன்றை விட்டுவிடுவேன். கடைசியில் ஒரு டிஷ்யூ பேப்பரை இடுக்கில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

லாப்ரடாருக்கு மேல்முடி காய்ந்ததுபோல் தெரியும். முடியைப் பிரித்து உள்ளே விரலை வைத்தால் சில்லென்று இருக்கும், அது காய இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். ஹேர் டிரையர் போடலாம், குறைந்த சூட்டில். உங்கள் கையை நாயின் தோலுக்கும் காற்றுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கைக்குச் சுட்டால் அதற்கும் சுடும். சத்தத்துக்குப் பயப்படும் நாய்க்கு மின்விசிறியே போதும்.

ரெயின்கோட் போடுபவர்கள் வீட்டுக்குள் வந்த நொடியில் அதைக் கழற்றிவிடுங்கள். உள்ளே புழுங்கிய ஈரம் மழையில் நனைந்ததைவிட மோசம்.

9. காது

தொங்கு காது நாய்களுக்கு மட்டும் இது தனி வேலை. லாப்ரடார், காக்கர் ஸ்பானியல், பீகிள், பாசெட். காதைத் தூக்கி மோந்து பாருங்கள். நல்ல காதுக்கு வாடையே இருக்காது. மூன்று நாள் வெளியே வைத்த இட்லி மாவு மாதிரி புளித்த வாடை வந்தால் ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகிவிட்டது. பாப்புவுக்கு இரண்டாவது மழைக்காலத்தில் இந்த வாடையை "நாய்னா நாறத்தான் செய்யும்" என்று நான் ஒரு வாரம் விட்டுவிட்டேன். அப்புறம் மூன்று வாரம் காலையும் மாலையும் சொட்டு மருந்து. என்னைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

வாரம் ஒருமுறை காது திரவத்தை விட்டு, காதின் அடிப்பகுதியைச் சளக்சளக்கென்று சத்தம் வருமாறு அரை நிமிஷம் பிசையுங்கள். விட்டுவிடுங்கள், உதறட்டும். வெளியே வந்ததைப் பஞ்சால் துடையுங்கள். இந்த வரிசை முக்கியம்: முதலில் துடைத்தால் அழுக்கு உள்ளே போகும். காது குச்சி கூடவே கூடாது. தேங்காய் எண்ணெய் விடுவதும் கூடாது, ஈஸ்ட்டுக்கு விருந்து அது. காது சிவந்தோ, சீழ் வடிந்தோ, நாய் தலையை ஒரு பக்கம் சாய்த்தோ இருந்தால் எதையும் ஊற்றாமல் மருத்துவரிடம் போங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் நீங்கள் ஊற்றும் திரவமே கெடுதி.

10. குளியல், பவுடர், எண்ணெய்

வாடை வருகிறது என்று வாரம் இரண்டு முறை குளிப்பாட்டினால் வாடை கூடும். ஈரம் காயாமல் இருப்பதால்தான் வாடையே. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வெயில் தலைகாட்டும் நாளாகப் பார்த்து, காலை பதினோரு மணிக்குள் முடித்துவிடுங்கள். நாய்களுக்கான ஷாம்பூ மட்டும். நம் தோலும் அதன் தோலும் ஒன்றல்ல.

முகத்துக்குப் போடும் பவுடரை நாய்க்கு அப்புவது ஒரு பழக்கம். ஈரத் தோலில் அது குழைந்து, மடிப்புகளில் மாவுபோல் அப்பிக்கொள்ளும். அதற்குக் கீழே தோல் வெந்துபோகும்.

வேப்பெண்ணெய், மஞ்சள் பற்றிப் பெரியவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலந்து தடவ மட்டும் விடமாட்டேன். கற்பூரம் நாய்க்கு விஷம், நக்கினால் வலிப்பு வரை போகும். அலமாரியில் போடும் அந்துருண்டையும் அப்படித்தான்.

11. சாப்பாடு

உலர் தீனி மூட்டையைத் திறந்த பிறகு வாய் கட்டாமல் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், சில பூஞ்சைகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கும். பையோடு டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். நமுத்துப்போனால் தூக்கி எறியுங்கள், வெயிலில் காயவைத்துப் போடாதீர்கள்.

ஓட்டம் குறைவதால் சாப்பாட்டையும் கொஞ்சம் குறையுங்கள். மிச்சம் வைத்த தட்டை ராத்திரி வெளியே விடாதீர்கள். எலியை விருந்துக்குக் கூப்பிடுவது அதுதான், அப்புறம் இரண்டாவது பகுதியில் சொன்னது எல்லாம் வரும். தெருவில் எலி மருந்து வைக்கும் பருவமும் இதுவே. சில எலி மருந்துகள் உள்ளே போய் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் இரத்தக் கசிவாக வெளியே தெரியும். தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், அந்த மருந்தின் அட்டையோடு மருத்துவரிடம் ஓடுங்கள்.

12. இடி, கூடவே தீபாவளி

இரண்டும் ஒரே பருவத்தில் வந்து தொலைக்கின்றன. ஜன்னல் இல்லாத, அல்லது ஜன்னலை மூடிய ஓர் அறையின் மூலையில் நாயின் போர்வையைப் போட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். அது கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள். பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயமே பழக்கமாகிவிடும் என்பது சும்மா சொல்வது. தடவிக் கொடுங்கள். கதவைப் பூட்டுங்கள், காணாமல் போகும் நாய்களில் பல இந்த நாட்களில் ஓடியவைதான். மூச்சிரைத்து நடுங்கி, சுவரைப் பிராண்டும் அளவுக்கு இருந்தால் ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள். உங்கள் வீட்டுத் தூக்க மாத்திரையில் பாதி என்ற கணக்கு வேண்டாம்.

13. புழுப் புண், தேரை, பாம்பு

சின்னக் காயத்தில்கூட ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும். அடர்ந்த முடி நாயில் வாடை வந்த பிறகுதான் தெரியும். பெட்ரோல், பினாயில் ஊற்றாதீர்கள். புழு செத்தாலும் சதை வெந்துபோகும். சுற்றியுள்ள முடியை வெட்டிவிட்டு, ஈ மொய்க்காமல் மெல்லிய துணியால் மூடி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். புழுவை ஒவ்வொன்றாக எடுத்தாக வேண்டும், வீட்டில் அது முடியாது.

தேரையைக் கவ்விய நாய்க்கு வாயில் நுரை தள்ளும். ஈரத் துணியால் ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்பக்கம் எல்லாவற்றையும் பலமுறை துடையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் தலை கீழ்நோக்கி இருக்கட்டும், விழுங்கக்கூடாது. பெரும்பாலும் அடங்கிவிடும். தள்ளாடினால், வலிப்பு வந்தால் உடனே கிளம்புங்கள்.

பாம்பு கடித்திருக்கும் என்று சந்தேகம் வந்தாலே போதும், கட்டுப் போடாமல், கீறாமல், நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கம்கூடத் தெரியாது, அதனால் "வீங்கலையே" என்று உட்கார்ந்துவிடக் கூடாது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். கையிருப்பு இருக்கிறதா என்று வழியிலிருந்தே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

14. எப்போது காத்திருக்கக் கூடாது

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஆரோக்கியமாக இருக்கும்போதே நாலு முறை பார்த்து வைத்திருந்தால்தான் மாற்றம் தெரியும். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலோ என்று சந்தேகப்படுங்கள். மூக்கில் இரத்தம், டீ டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவையும் அப்படியே. கண்ணின் வெள்ளை மஞ்சளானால், வாந்தியோடு அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அந்த நாயின் சிறுநீரைக் கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். பிளீச்சிங்கோடு வேறு எந்தத் திரவத்தையும் கலக்காதீர்கள்.

தெர்மாமீட்டரின் முனையில் வாஸ்லைன் தடவி ஆசனவாயில் வையுங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். நம் கணக்கில் அது காய்ச்சல் என்பதால் பலர் பதறி, பாராசிட்டமால் கொடுத்துவிடுகிறார்கள். நமக்கான காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். கல்லீரலையும் வயிற்றையும் கெடுக்கும். 103-க்கு மேல் போய், சாப்பிடவும் மறுத்தால் அன்றைக்கே மருத்துவர். கடைசியாக உண்ணி பார்த்த தேதியைச் சொல்லுங்கள். கடித்து ஓரிரு வாரம் கழித்தும் காய்ச்சல் வரும் என்பதால் இரத்தப் பரிசோதனைக்கு அந்தத் தேதி உதவும்.

15. தண்ணீர் வீட்டுக்குள் வரும் நிலை

ஒரு பை தயாராக இருக்கட்டும்: ஒரு வாரத் தீனி, கயிறு இரண்டு, வாய்க்கூடு, துண்டு, மருந்துகள், பிளாஸ்டிக் உறையில் தடுப்பூசி அட்டை. அட்டையையும் நாயோடு நீங்கள் நிற்கும் படத்தையும் செல்பேசியிலும் வைத்திருங்கள். தங்கப்போகும் இடத்தில் நாயை விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது முக்கியம். நிவாரண முகாமை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் சங்கிலியை அவிழ்த்துவிடுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் கட்டிப்போட்ட நாயை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் மாடிக்குப் போகலாம் என்றேன். மணி இரண்டு பாய்ச்சலில் மேலே போய்விட்டது. பாப்பு முதல் படியில் முன்காலை வைத்து அப்படியே நின்றுவிட்டது. தரைத்தளத்திலேயே வளர்ந்த நாய், படி ஏறியதே இல்லை. 32 கிலோ. மின்சாரம் இல்லை, முழங்கால் அளவு தண்ணீர். மாடி வீட்டு அண்ணன் ஒரு போர்வையோடு இறங்கி வந்தார், அதில் படுக்கவைத்து ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கினோம். நடுவில் அது திமிறியதில் அவருடைய கையில் ஆழமான கீறல். செப்டம்பரில் ஒரு நாள், ஒரு படிக்கு ஒரு பிஸ்கட் என்று வைத்துப் பழக்கியிருந்தால் முடிந்துபோயிருக்கும் வேலை. இப்போது பழக்கிவிட்டேன். உங்கள் நாயும் படி ஏறுமா என்று இன்றைக்கே பாருங்கள்.

16. மழை நின்ற பிறகு

ஜனவரியில் வெயில் ஏறியதும் எல்லோரும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். சுவரில் ஒளிந்திருந்த உண்ணி கூட்டமாக இறங்குவது அப்போதுதான். பொங்கல் கழிந்தும் ஒரு டோஸாவது தொடருங்கள்.

போகியன்று பழைய சாக்கு, நைந்த போர்வை, துர்நாற்றம் போகாத பட்டை எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். எரிக்க வேண்டாம், குப்பை வண்டியில் போடுங்கள். சுவரில் புதிதாக விழுந்த வெடிப்புகளைத் தேடி, மிச்சம் இருக்கும் ஒயிட் சிமெண்டைக் குழையுங்கள்.